பூஜையில் வைத்த ஸ்குரூ டிரைவர்

ஆயுத பூஜையன்று ஓசூரில் யாரும் ஸ்பேனரைத் தொடமாட்டார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் லேத்துகள் மாலை போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். கம்பெனி பஸ்கள் முகப்பில் வாழைக்கன்றைக் கட்டிக்கொண்டு கல்யாண வண்டி மாதிரி பாகலூர் ரோட்டில் போகும். மூலைக்கு மூலை உடைத்த பூசணிக்காய் குங்குமத்தில் சிவந்து கிடக்கும். அந்த நாளிலும் விடுமுறை இல்லாத ஒரு மூன்று மாடித் தனியார் ஆஸ்பத்திரியில், தரைத்தளத்துப் பின்னறையில், சுவேதா காலையிலிருந்து தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருந்தாள்.

காரணம், மேசையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் திறந்து வைத்திருந்த ஒரு சிவப்பு டப்பா. அதில் இருந்த ஸ்குரூ டிரைவர்கள், குறடு, சின்னச் சின்ன ஸ்பேர் பார்ட்டுகள் எல்லாம் அவளுடையவை. இதற்கு முன் மூன்று வருடம் போச்சம்பள்ளி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் அசெம்ப்ளி லைனில் நின்றவள். அங்கேயும் பூஜை தடபுடலாகத்தான் நடக்கும். ஆனால் பொட்டு வைத்த கருவி எதுவும் அவளுடையது இல்லை. ஷிப்ட் முடிந்ததும் நம்பர் போட்ட கொக்கியில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு வரவேண்டும். அவள் அம்மா களையெடுக்கப் போன காடுகளில் களைக்கொத்துகூட நிலத்துக்காரர் வீட்டுடையதுதான். வீட்டில் பூஜைக்கு வைக்க அரிவாள்மணையைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரி மிஷின்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பெரியவர் கமலக்கண்ணன் முந்தின நாளே சிங்காரப்பேட்டைக்கு, சொந்த ஊருக்குப் போய்விட்டார். போகும்போது, பூஜையும் உன் பொறுப்பு, மிஷினும் உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் சாதாரணமாகச் சொன்னதை அவள் இரவெல்லாம் புரட்டிப் பார்த்தாள்.

வார்டு ஆயா மங்கம்மா கற்பூரம் காட்டினாள். ஒவ்வொரு ஸ்குரூ டிரைவருக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைத்தபோது சுவேதா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். சந்தோஷம் வந்தால் அதை உடனே ஒளித்து வைப்பது அவள் பழக்கம். யாராவது பார்த்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சின்ன வயதிலிருந்தே ஒரு பயம். அன்றைக்கு மட்டும் ஒளிக்க இடம் கிடைக்கவில்லை.

வார்டுகளில் ஓடிக்கொண்டிருந்த மிஷின்களைக் கீழே கொண்டுவர முடியாதே. அதனால் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளே மாடி மாடியாக ஏறினாள். லாரிக்கு இடுவதுபோல மூன்று விரலால் ஒரு பட்டை, நடுவில் குங்குமம். திரையிலும் பட்டனிலும் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்து, பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் இட்டாள். நோயாளிகளின் வீட்டார் எங்களுக்கும் பொரி உண்டா என்று கேட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தாள்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் இரண்டாம் மாடியிலிருந்து நர்ஸ் பிரியதர்ஷினி போனில் கூப்பிட்டாள். சென்னம்மாளுடைய கால் பம்ப் அலாரம் அடிக்கிறது, அழுத்தம் ஏறவே மாட்டேன் என்கிறது என்றாள்.

கால் பம்ப் என்பது வார்டுக்காரர்கள் வைத்த பேர். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சின்னப் பெட்டி அது. நோயாளியின் இரண்டு கால்களிலும் சுற்றிய உறைகளில் மாறி மாறிக் காற்றை நிரப்பி, கெண்டைச் சதையைப் பிடித்துப் பிடித்து விடும். அசையாமல் கிடப்பவர்களின் காலில் ரத்தம் தேங்கிக் கட்டியாகாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. மற்றவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடலாம். பாரூர் சென்னம்மாளுக்கு அதுவும் முடியாது. மூளையில் ரத்தம் கசிந்து, ஒரு பக்கம் விழுந்துபோய் வந்திருக்கிறாள். ஊசி போட்டால் அந்தக் கசிவு கூடிவிடும். அவளுக்கு இருந்த ஒரே காவல் அந்தப் பெட்டிதான். ஆஸ்பத்திரியில் இருந்த இன்னொரு பம்பும் மூன்றாம் மாடி ஐ.சி.யூ.வில் வேறொருவர் காலில் ஓடிக்கொண்டிருந்தது.

போனை வைத்ததும் சுவேதாவுக்குள் என்னவோ துள்ளியது. பெரியவர் இல்லாத நேரத்தில், அவள் மட்டுமே இருக்கும்போது, ஒரு கோளாறு. படி ஏறும்போதே அந்தத் துள்ளலைப் பார்த்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒருத்தி கால் ஆபத்தில் இருக்கிறது, உனக்கென்ன கொண்டாட்டம் என்று கேட்டுக்கொண்டாள். கேட்டும் அது அடங்கவில்லை.

டியூட்டி டாக்டர் அப்போதுதான் காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். வீக்கம் இல்லை, ஆனால் பம்ப் சீக்கிரம் ஓடியாகவேண்டும் என்றார். சென்னம்மாளின் மகன் மாதேஸ்வரன், பிரியதர்ஷினி காட்டிக் கொடுத்தபடி அம்மாவின் பாதத்தை மேலும் கீழுமாக மெல்ல மடக்கிக்கொண்டிருந்தார். சென்னம்மாளுக்குப் பேச்சு குழறியது. கண் மட்டும் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது.

சுவேதா குழாயை விரலால் தடவிப் பார்த்தாள். மடங்கவில்லை. கட்டில் சக்கரத்தில் மாட்டவில்லை. உறையை மாற்றிப் பார்த்தாள். புது உறையும் பாதி உப்பி நின்றது. குழாய் வாயை உள்ளங்கையால் அடைத்துப் பிடித்தாள். கையில் வந்த காற்று பலவீனமாக இருந்தது. எனவே ஓட்டை வெளியே இல்லை.

மாதேஸ்வரன் பாதத்தை விடாமலே சொன்னார். "காலையில எல்லாம் இந்தப் பொட்டி நிம்மதியா மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சும்மா. சாப்பாட்டுக்கு அப்புறம்தான் இந்த இழுவை. போர்ல தண்ணி கீழ போயிட்டா மோட்டார் இப்படித்தான் கத்தும்."

அவள் காதை வைத்துக் கேட்டாள். ஆமாம், காற்றைக் கொடுக்க முடியாத சத்தம் இல்லை அது. எடுக்க முடியாத சத்தம். பம்புக்குக் காற்று கிடைக்கவில்லை. காற்று உள்ளே போகிற வழி பின்மூடியில் இருக்கிறது. வரிவரியான பிளவுகள், அவற்றுக்குப் பின்னால் தூசி வடிக்க ஒரு ஸ்பாஞ்சு. மாதம் ஒருமுறை அவளே கழற்றிக் கழுவுவதுதான். இரண்டே இரண்டு ஸ்டார் ஸ்குரூ.

ஸ்குரூ என்று நினைத்ததும்தான் டப்பா நினைவுக்கு வந்தது.

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூஜை போட்ட பிறகுதான் எடுக்கவேண்டும். அவள் கீழே ஓடி முதலில் வாசலுக்குத்தான் போனாள். செக்யூரிட்டி மணிவேலிடம் ஸ்டார் ஸ்குரூ டிரைவர் இருக்குமா என்று கேட்டாள்.

"பைக் சீட்டுக்கு அடியில இருக்கு. ஆனா பைக்கே பூஜையில நிக்குதே" என்றான் அவன். வெளியே எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை நிறுத்தி, மாலை சாற்றி நின்றது பைக். எதிர்க்கடை ஹார்டுவேர் ஷட்டரும் மாலைக்குப் பின்னால் இறங்கிக் கிடந்தது. மணிவேல் ஆப்பிள் நறுக்கும் கத்தி ஒன்றை நீட்டினான். அது ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஸ்குரூவின் தலை தேய்ந்துவிட்டால் அப்புறம் யாராலும் கழற்ற முடியாது.

கமலக்கண்ணனுக்கு போன் போட்டாள். பின்னணியில் மேளச் சத்தம். அவள் சொன்னதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "நாளைக்கு வரைக்கும் அந்தம்மா கால் காத்துக்கிட்டு இருக்காது சுவேதா. பின்மூடியத் தொற. பச்சை சர்க்யூட் போர்டு பக்கம் மட்டும் கை போவக்கூடாது" என்றார்.

பின்னறை வாசலில் மங்கம்மா உட்கார்ந்து பொரியில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுவேதா மேசைப்பக்கம் போவதைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

"எடுக்காத கண்ணு. பொட்டு வச்சு இன்னும் ஈரம்கூடக் காயல. மொதல் பூஜை வேற உனக்கு."

கோபம் வந்தால் மங்கம்மா தெலுங்குக்குத் தாவிவிடுவாள். தமிழிலேயே சொன்னாள் என்றால் கெஞ்சுகிறாள் என்று அர்த்தம். சுவேதாவுக்கு அதை மறுத்துப் பேச வரவில்லை, ஏனென்றால் அதையேதான் அவளும் விரும்பினாள். ஒரே ஒரு நாள், இருட்டி விடிகிற வரைக்கும், தன் கருவிகள் வேலை செய்யாமல், யாரும் தொடாமல், பூவுக்குக் கீழே சும்மா இருக்கவேண்டும். அம்மாவுக்குக்கூட வாய்க்காத ஓய்வு. அதைத் தன் கையாலேயே கலைக்க வேண்டியிருக்கிறது.

மேலே ஒரு மனிதர் இரண்டு கையாலும் தன் தாயின் பாதத்தை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நேரம் முடியும் அவரால்?

"இது சும்மா இருக்கறதுக்கு வந்ததில்லக்கா" என்றாள் சுவேதா. கும்பிட்டாள். பூவை விலக்கி, டப்பாவை மூடி, அணைத்துக்கொண்டு ஓடினாள். மங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

வார்டில் பம்பின் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைக் கட்டிலோர மேசையில் கவிழ்த்தாள். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியில் சந்தனம் வழுக்கியது. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்துத் திருகினாள். முதல் ஸ்குரூ அசைந்தது. அந்த அசைவு அவள் தோள் வரைக்கும் ஏறியது. லைனில் நின்ற காலத்தில் ஸ்குரூவை முடுக்க மட்டும்தான் விட்டார்கள். கழற்றுவது என்பது வேறொரு உலகம். மூடி கையோடு வந்தது.

ஸ்பாஞ்சு மஞ்சளாக இருந்தது.

கறுப்பாக இருக்கவேண்டிய ஸ்பாஞ்சில் மஞ்சள் சேறு இறுகியிருந்தது. மணந்தது. மூடியைத் திருப்பினாள். வெளிப்பக்கத்தில் மூன்று விரல் பட்டை, நடுவில் குங்குமம், பிளவுகளின் மேலேயே. பம்ப் ஈரச் சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டு, தன் மூச்சைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறது. பெட்டியை இறக்கும்போதும் கவிழ்க்கும்போதும் அந்தப் பட்டையை அவள் பார்த்தாள்தான். அன்றைக்கு எல்லாவற்றின் மேலும் சந்தனம் இருந்தது, அதனால் எதன் மேலும் அது கண்ணை உறுத்தவில்லை. மாதாமாதம் கழுவும் அதே இடம்! கைக்குத் தெரிந்திருந்தது. கிண்ணத்தோடு மாடி ஏறியபோது கையைக் கேட்க மனசுக்கு நேரமில்லை.

அது தன் விரல்தானா என்று பட்டையின் மேல் வைத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"யாரோ பொட்டு வச்சதுதான் அடச்சிருக்கு போல" என்றாள் பிரியதர்ஷினி, எட்டிப் பார்த்து.

அந்த 'யாரோ'வுக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. சுவேதா ஒரு கணம் அந்த இடத்தை அளந்து பார்த்தாள். பிறகு மாதேஸ்வரனைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தாங்க வச்சேன். காலையில நான்தான் வந்து வச்சுட்டுப் போனேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அம்மாவின் பாதத்தைப் பார்த்தபடியே, "ஓடுமா இப்ப?" என்று மட்டும் கேட்டார்.

"ஓடும்."

டப்பாவில் புது ஸ்பாஞ்சு இருந்தது. மூடியை ஈரத்துணியால் துடைத்து, பிளவுகளைப் பல்குச்சியால் நோண்டிச் சுத்தம் செய்து, உலர்த்தி மாட்டினாள். பிளக்கைச் செருகினாள். பிரியதர்ஷினியின் பி.பி. மிஷின் மானியைக் குழாயோடு இணைத்துப் பிடித்தாள். முள் ஏறியது. ஏறி, இருக்கவேண்டிய நாற்பதைத் தொட்டு, நின்றது. இறங்கியது. மறுபடி அதே நாற்பது. உறைகளைக் குழாயில் மாட்டியதும் வலது கால் உறை உப்பி, பிடித்து, விட்டது. பிறகு இடது. மாதேஸ்வரன் கையை எடுத்து உதறிக்கொண்டார். சென்னம்மாளின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. என்னவோ சொன்னாள்.

"கூசுதாம்" என்றார் மகன். அதற்கு அவரும் சிரித்துவிட்டார்.

சுவேதா ஸ்குரூ டிரைவரை டப்பாவில் வைத்தாள். இது என் கை செய்தது என்று உள்ளே ஒரு குரல் கூவிற்று. கெடுத்ததும் அதே கைதான் என்று இன்னொன்று சொன்னது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை. நிமிர்ந்தாள். அடுத்த கட்டிலுக்குப் பக்கத்தில் மருந்து ஏற்றும் மிஷின். அதன் பக்கவாட்டில், காற்றுத் துளைகளின் மேல், மூன்று விரல் பட்டை, நடுவில் குங்குமம்.

அதற்கு அப்பால் மானிட்டர். அதிலும்.

மூன்று மாடி. எல்லா மிஷினும். ஐ.சி.யூ.வில் இன்னொரு கால் பம்ப்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடினாள். இந்த வார்டில் இருக்கும் பொட்டுகளையெல்லாம் துடைத்துவிடும்படி பிரியதர்ஷினியிடம் சொன்னது பாதி அறையிலும் பாதி படியிலுமாக விழுந்தது. படியின் திருப்பத்தில் மங்கம்மா ஒரு வாளித் தண்ணீரோடு ஏறிக்கொண்டிருந்தாள். இடுப்பில் நாலைந்து துணி செருகியிருந்தது. எப்படித் தெரிந்தது என்று சுவேதா கேட்கவில்லை. வார்டில் பேசுவது பின்னறைக்குப் போய்ச் சேர எப்போதுமே ஒரு நிமிஷம்தான் ஆகும்.

"எந்தெந்த மிஷினுக்கு எங்கெங்க மூக்குன்னு சொல்லு" என்றாள் மங்கம்மா மூச்சிரைக்க. "நான் தொடைக்கறேன். நீ கழட்டறத கழட்டு."

ஐ.சி.யூ.வில் செருப்பை உதறிவிட்டு நுழைந்தாள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அலாரம் இல்லை, பச்சை விளக்கு எரிந்தது. குனிந்து காதை வைத்தாள். மிக மெல்லிய, ஆரம்பமான ஒரு இழுவை. அங்கிருந்த நர்ஸ், நல்லாத்தானே ஓடுது என்றாள்.

"ஓடுது. இன்னும் கொஞ்ச நேரத்துல நின்னுடும்" என்றாள் சுவேதா. ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு நிமிஷம் நிறுத்த அனுமதி கேட்டாள்.