சௌந்தரத்துக்குக் கிடைத்த சீட்டு

நகராட்சித் தேர்தலில் அந்த வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கியதிலிருந்து சௌந்தரத்துக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இருபது வருஷமாகக் கட்சிக்குக் கொடி கட்டியவள். தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு தெருக் கிணற்றில் இறங்குகிறது என்று மறியல் செய்து, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வந்தவள். அவளுக்கு இல்லாத சீட்டு வேறு யாருக்காம்?

கட்சி நேர்காணலுக்கு வேலூர் போனாள். மறியலைப் பற்றி யார் கேட்டார்கள்? எவ்வளவு செலவு செய்ய முடியும் என்றுதான் கேட்டார்கள்.

"ஷூ கம்பெனில தைக்கிறவ நான். எங்கிட்ட இன்னா இருக்குது?" என்றாள். சிரித்து அனுப்பிவைத்தார்கள்.

மறுநாளே தோல் ஷாப்பு முதலாளி சுந்தரமூர்த்தி ஆள் அனுப்பினார். முழுச் செலவும் அவருடையதாம், பதிலுக்கு ஒன்றும் வேண்டாமாம். சும்மா அள்ளிக் கொடுக்க அவருக்கென்ன பைத்தியமா? கிணற்றைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, அதானே! வந்தவனை சௌந்தரம் விரட்டிவிட்டாள். புருஷன் சாமிநாதன் அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கும் சோறு இறங்கவில்லை. அவசரப்பட்டுவிட்டோமோ என்ற நினைப்பிலேயே மெஷினில் ஊசியை ஒடித்து, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள்.

வேட்பாளர் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர்! சாமிநாதன் மேளக்காரரைத் தேடி ஓடினான். சௌந்தரம் அழுதேவிட்டாள். காசில்லாதவளுக்கும் கட்சியில் மரியாதை இருக்கிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

சாயங்காலம் சுந்தரமூர்த்தியே மாலையோடு வந்தார். கழுத்தில் போடும்போது அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நீ வாங்கலன்னா இன்னாம்மா, கட்சிக்கு நேராவே குடுத்துட்டேன். உன்னை எதிர்த்து நிக்கிற அம்மாவுக்கும் நான்தான் செலவு."

சௌந்தரம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இவரு காசு குடுத்துத்தான் எனக்கு சீட்டு வந்திருக்குது. எதிர்க்கட்சிக்கும் இவர்தான் குடுத்திருக்காரு."

மேளம் நின்றது. தெருவே அவளைப் பார்த்தது. மறியலில் அவளோடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த பாக்யலட்சுமிதான் முதலில் பேசினாள்.

"அப்போ செலவுக்கு பேஜாரே இல்ல. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் துட்டு வரும்னு சொல்லு. ஓட்டுக்கு எவ்ளோன்னு கேளுக்கா."

சௌந்தரம் மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள். யாரோ அதை எடுத்து மறுபடியும் அவள் கழுத்தில் போட்டார்கள்.