கரகரம்மாவின் செருமல்

போன் அடித்தபோது அட்மின், யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பல் வாயில் இல்லை, அவள் கையில் இருந்தது. டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்து கொடுக்கும் பட்டறை அது. மேஜையெல்லாம் மெழுகுத் துணுக்கும் ரோஸ் நிறத் தூளுமாக இருக்கும். அங்கே எல்லாரும் அவளை அட்மின் என்றுதான் கூப்பிட்டார்கள். லிப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் அவள் நடத்தும் சைட்டைக் கேலி செய்து வைத்த பேர் அது. ஒட்டிக்கொண்டுவிட்டது.

"கரகரம்மா சைட் நடத்துறது நீங்கதானா?" ஒரு பெண் குரல். பின்னால் பஸ் இரைச்சல்.

"ஆமாங்க. என்ன பாட்டு வேணும்?"

"பாட்டெல்லாம் வேணாம். நான் அவங்க தங்கச்சி பேசறேன்."

அட்மின் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டாள். உட்கார்ந்தபடி பேசத் தோன்றவில்லை. பத்து வருஷமாகக் கும்பிடும் சாமியின் வீட்டிலிருந்து போன் வந்தால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்?

"நேத்து ஒரு செய்தி போட்டீங்களே. அத எடுத்துடுங்க. இப்பவே."

கரகரம்மா என்பது ஒரு பாடகிக்கு ரசிகர்கள் செல்லமாக வைத்த பேர். மணலைச் சல்லடையில் அரித்தது போன்ற குரல். முதல் தடவை கேட்பவர்கள் சளி பிடித்திருக்கிறது என்பார்கள், இரண்டாம் தடவை கேட்பவர்கள் அழுதுவிடுவார்கள். அந்தக் குரல் நான்கு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று மேடையை விட்டுப் போனது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மற்ற ரசிகர்கள் கலைந்து போனார்கள், அட்மின் போகவில்லை. அவரைப் பற்றி எங்கே ஒரு வரி வந்தாலும் எடுத்துத் தன் சைட்டில் போட்டாள். போன மாதம் அதற்கு ஒரு நியூஸ் ஃபீடும் வைத்தாள். பதிந்துகொண்டவர்கள் தேடவே வேண்டாம், இவள் இங்கே பொத்தானை அழுத்தினால் செய்தி அவர்கள் போனுக்குப் போய் நிற்கும். கொழுந்தன் கம்ப்யூட்டர் வேலையில் இருந்ததால் அதற்கென்று ஒரு ஆப்பும் செய்து கொடுத்தான். செய்தி வந்தால் மணி அடிக்காது. ஒரு பழைய கச்சேரிப் பதிவில் பாட ஆரம்பிக்கும் முன் கரகரம்மா தொண்டையைச் செருமுவார், உடனே யாரோ ஒரு டம்ளரைத் தட்டிவிட, அது ணங்கென்று விழும். அந்தச் செருமலையும் டம்ளரையும் அப்படியே வெட்டி ஒலியாக வைத்திருந்தாள் அட்மின். "செருமுறதுக்குக் கூடவா ரசிகர் மன்றம்?" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு அவரும் பதிந்துகொண்டார்.

நேற்று ஒரு பிள்ளையின் அம்மா படம் அனுப்பியிருந்தாள். ஒரு சலவைக் கடைக்கு மேலே, மாடி அறையில், கரகரம்மா பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். அட்மின் ஆனந்தத்தில் அரை மணி நேரம் அழுதாள். பிறகு தெருப் பேர், கடையின் போர்டு, வகுப்பு நேரம் எல்லாவற்றோடும் ஃபீடில் அனுப்பினாள்.

"அவ ஏன் பாடறத விட்டான்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள் தங்கச்சி. "ஒருத்தன் கத்தியோட மாடிப்படியில நின்னான். உங்கள மாதிரி ஒரு ரசிகன்தான். 'எனக்கு மட்டும்தான் பாடணும், ஊருக்குப் பாடக் கூடாது'ன்னான். தோள்ல வெட்டு. உள்ள போனவன் இப்ப வெளிய வந்துட்டான்."

அட்மினின் கையிலிருந்த பல் மேஜைக்கடியில் உருண்டது.

"அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா?"

"அதுக்கப்புறம் அவ போனே வெச்சுக்கறதில்ல. நான் பஸ்ல வந்துட்டிருக்கேன், சேர ராத்திரி ஆயிடும். போலீஸ்ல சொன்னேன், ஆள் அனுப்பறோம்னாங்க. அனுப்பினாங்களான்னு தெரியல. மொதல்ல அதத் தூக்குங்க, தாயே."

போனை வைத்ததும் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது வேறொன்று. ஃபீட் ஆரம்பித்த வாரம் ஒரு கடிதம் வந்திருந்தது. 'இந்த ஃபீடுக்கு நன்றி. இனி நான் அலைய வேண்டியதில்லை. அவர் எங்கே இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.' பேர் போடவில்லை. எவ்வளவு அன்பு பாருங்கள் என்று புல்லரித்துப்போய், அதைக் கட்டம் கட்டி சைட்டின் முகப்பிலேயே போட்டிருந்தாள். இன்னும் அங்கேதான் இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயால் கெடப்போவது இன்னொருத்தி.

சைட்டைத் திறந்தாள். அப்போதும் புத்தி நேராக வேலை செய்யவில்லை. போட்ட செய்தியை இதுவரை ஒரு முறைகூட அவள் அழித்ததில்லை, அது அவளுக்கு ஒரு கௌரவம். அதனால் முழுதாக அழிக்காமல் படத்தையும் தெருப் பேரையும் மட்டும் வெட்டிவிட்டுச் சேமித்தாள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அவளுடைய ஏப்ரன் பையில் கரகரம்மா செருமினார். டம்ளர் விழுந்தது.

அட்மின் அப்படியே நின்றாள். கச்சேரி நேரம் மாறினால் யாரும் தவறவிடக் கூடாது என்று, திருத்திய செய்தி மறுபடி எல்லாருக்கும் போகும்படி வைக்கக் கொழுந்தனிடம் சொன்னது அவளேதான். ஏற்கெனவே போனது போனதுதான், அவரவர் போனில் கிடக்கும். எடுத்துப் பார்த்தாள். மேலே திருத்தம், அதற்குக் கீழே நேற்றைய செய்தி, தெருப் பேரும் போர்டும் பளிச்சென்று. நேற்றுப் பார்க்கத் தவறியவன் இருந்தால், அவன் கதவையும் தட்டி எழுப்பியாயிற்று.

உடனே வீட்டுக்காரர் கூப்பிட்டார். "என்ன அட்மினு, ஒரே சேதி ரெண்டு தடவ வருது?"

"பைக்க எடுத்துட்டு வாங்க," என்றாள். சொல்லிவிட்டு ஏப்ரனோடு வாசலுக்கு ஓடினாள்.

வழியெல்லாம் அவர் முதுகைப் பிடித்தபடி நடந்ததைச் சொன்னாள். ஒவ்வொரு சிக்னலிலும் யாராவது ஒருவர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவனா, இல்லை அவனா? முகம் தெரியாத ஒருவனுக்குப் பயந்தால் ஊரில் இருக்கும் முகமெல்லாம் அவனுடையதாகிவிடுகிறது.

சலவைக் கடையைப் படத்தில் பார்த்தபடியே கண்டுபிடித்தார்கள். இவ்வளவு சுலபமாகவா? கடையிலிருந்து சூடான ஆவி வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருட்டாக ஒரு குறுகிய படிக்கட்டு, பாதியில் திரும்பி மேலே போனது. வகுப்பு தொடங்கிவிட்டிருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் கூட்டமாக எதையோ பாடுவது கேட்டது.

"மேல யாராச்சும் ஆம்பள போனாங்களாண்ணே?" என்று சலவைக்காரரைக் கேட்டாள்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "பிள்ளைங்களக் கொண்டாந்து விடுற அப்பனுங்க படியிலயே உக்காந்துருப்பாங்கம்மா. போறாங்க, வராங்க. நான் துணியப் பாப்பனா, மூஞ்சியப் பாப்பனா?"

வீட்டுக்காரர் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். "வா, மேல போய்ச் சொல்லிடுவோம்."

"ஒரு நிமிஷம் இருங்க." அட்மினுக்கு அப்போதுதான் அது தோன்றியது. அவன் இன்னும் வந்திருக்காவிட்டால்? வழியில் இருந்தால்? செய்தியை நம்பிக் கிளம்பியவனைச் செய்தியாலேயே திருப்பி அனுப்பலாமே. இந்த சைட்டில் பொய் வராது என்று ஊருக்கே தெரியும், அவனுக்கும் தெரியும். படிக்கட்டின் அடியில் நின்று தட்டச்சு செய்தாள். 'அவசரம்: வகுப்பு நின்றுவிட்டது. கரகரம்மா இன்று காலையே ஊரை விட்டுப் போய்விட்டார்.' அவள் போட்ட முதல் பொய். அழுத்தும்போது, கடவுளே, இந்த ஒன்றை மட்டும் அவன் நம்பட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அவள் கையில் கரகரம்மா செருமினார், டம்ளர் விழுந்தது. ஒரு கணம் தள்ளி, வீட்டுக்காரரின் சட்டைப் பையில் செருமினார், டம்ளர் விழுந்தது.

பிறகு மேலே, படி திரும்பும் இடத்துக்கு அப்பால், ஒரு செருமல்.

வீட்டுக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அது கரகரம்மாவாகவே இருக்கட்டும், என்றது அவள் மனசு. பாட்டு டீச்சர் தொண்டையைச் செருமாமல் வேறு யார் செருமுவார்கள்? காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

ணங்கென்று டம்ளர் விழுந்தது.

படி திரும்பும் சுவரில் வெளிறிய வெளிச்சம் ஒன்று படர்ந்தது. யாரோ போனைத் திறந்து படித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளில் ஒன்றின் அப்பனாகவும் இருக்கலாம். படத்தை அனுப்பிய அந்த அம்மாவாகவும் இருக்கலாம். அட்மின் ஒரு படி ஏறினாள். வெளிச்சம் அசையவில்லை. அவர் ஊரில் இல்லை, போய்விட்டார், திரும்பிப் போ, என்று அவள் உதடு முணுமுணுத்தது.

அப்போது கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் நிறுத்தினார்கள். அவர்கள் தவறாகப் பாடியிருக்க வேண்டும். சரியாகப் பாடிக் காட்ட, மணலை அரித்தது போன்ற அந்தக் குரல் தனியாக எழுந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத குரல். நான்கு வருஷமாக அட்மின் ஏங்கிக் கிடந்த குரல். நிறுத்துங்கம்மா, பாடாதீங்க, என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

மேலே பாட்டு நிற்கவில்லை. சுவரில் இருந்த வெளிச்சம் அணைந்தது.