போலீஸ் தார்

தொட்டியத்திலிருந்து திருச்சி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் ஒவ்வொரு லாரியிலும் ஒரு தார் மட்டும் விற்பனைக்கு இல்லை. அதற்குப் போலீஸ் தார் என்று பெயர். லோடு ஏற்றிக் கயிறு கட்டி முடித்த பிறகு, பின்பக்கம் கைக்கு எட்டுகிற இடத்தில் சருகு சுற்றி அதை வைப்பார்கள். பூவன்தான் வேண்டும். எட்டுச் சீப்புக்குக் குறையக் கூடாது. காயில் கீறல் கூடாது. என் அப்பா வீரமலை டிரைவர். என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு பார்க்கவில்லை.

வாங்கிக்கொள்பவர் ஏட்டு பிச்சமுத்து. ஸ்ரீரங்கத்துப் பக்கம், காவிரிப் பாலத்துக்கு முன்னால் மாம்பழச்சாலை முக்கில் நிற்பார். வாய்விட்டுக் கேட்கமாட்டார்; அத்தனை கௌரவம். லாரியைக் கைகாட்டி நிறுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பின்னால சருகு தொங்குதே, பாக்கிறதில்லையா?" என்பார். உடனே கிளீனர் காத்தமுத்து இறங்கிப் போய்ச் சருகைச் சரிசெய்வார். சரிசெய்து முடிக்கும்போது தார் சைக்கிள் கடைக்குப் பின்னால் போயிருக்கும். சீப்பு குறைந்திருந்தால் அடுத்த நடையில் ஏட்டு விசாரிப்பார்.

"என்ன வீரமலை, உங்க ஊரு பக்கம் காவேரி ஓடலையா?"

அப்பா சிரிப்பார். நான் ஹாஸ்டலுக்குப் போகும்போது சில திங்கட்கிழமைகளில் அதே லாரியில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். பார்க்காமலிருக்க வேண்டுமென்றே பஸ்ஸில் போகப் பழகினேன்.

அவர் ஏன் சிரித்தார் என்பதும் எனக்குத் தெரியும். அவருடைய லைசென்ஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் இரண்டு குறிப்புகள் ஏறியிருந்தன. ஒன்று விளக்கு எரியாததற்கு. இன்னொன்று பாரம் மிஞ்சியதற்கு. இரண்டாவது தடவை கோர்ட்டில், "அடுத்த தரம் வந்தா புத்தகத்தை இங்கயே வச்சிட்டுப் போயிடலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். லைசென்ஸ் இல்லாத டிரைவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? அப்பாவுக்கு வேறு தொழிலும் தெரியாது. அரைக் காணி நிலமும் கிடையாது.

1961 ஜூலையில் ஒரு நாள் காலை பஸ் வரவில்லை. பி.ஏ. பாஸானதற்கான சர்டிபிகேட்டைக் காலேஜ் ஆபீசில் வாங்க வேண்டியிருந்தது. மறுநாள்கூடப் போயிருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. லாரியில் ஏறி அப்பாவுக்கும் காத்தமுத்துவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

கொள்ளிடத்தைத் தாண்டி, திருவானைக்காவலைத் தாண்டி, மாம்பழச்சாலை வந்தோம். ஏட்டு கையைக் காட்டினார். அப்பா நிறுத்தினார். ஏட்டு எதுவும் சொல்வதற்கு முன்பே காத்தமுத்து குதித்துப் போய்ப் பழக்கதோஷத்தில் தாரை இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டார். பிறகுதான் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். புளியமரத்தடியில் ஒரு ஜீப் நின்றது. பக்கத்தில் நாற்காலி போட்டு, புது சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். ஸ்தனிஸ்லாஸ் என்று பெயர். வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. சட்டை மடிப்பு கலையாமல், தாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா அது, பிச்சமுத்து?"

ஏட்டின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத சுறுசுறுப்பு வந்தது.

"சரக்கு சரியா கட்டலைங்கய்யா. தார் தாரா ரோட்டுல விழுது. பின்னால வர்றவன் தலையில விழுந்தா யாருங்க பதில் சொல்றது?"

விழுந்ததாம். பூவன் தார் தானே கீழே இறங்கி, சருகைத் தானே விரித்து, அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டதாம். ஏட்டு அதோடு நிற்கவில்லை. கேபினை எட்டிப் பார்த்தார்.

"சரக்கு லாரியில ஆள் வேற ஏத்திட்டு வர்றானுங்கய்யா."

"என் மகதாங்க ஏட்டய்யா. பஸ்ஸு வரலீங்க. உங்களுக்குத்தான் தெரியுமே, பவுனம்மா" என்றார் அப்பா.

"எனக்கு யாரையும் தெரியாது. புஸ்தகத்தை எடு."

பல வருஷம் அப்பா கையால் பழம் தின்ற மனிதர். பரிச்சயம் ஒரு ஜீப்பின் நிழலில் கரைந்துபோயிற்று. லைசென்சைப் புரட்டிப் பார்த்த சப்-இன்ஸ்பெக்டர், "ரெண்டு ஏறியிருக்கு. எழுது கேஸை. இங்கிலீஷ்ல எழுது, தமிழ்ல எழுதினா கோர்ட்டுல திருப்பி அனுப்புறான்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அப்பா கைகட்டி நின்றார். மூன்றாவது சிவப்பு வரி வந்துவிட்டது. என்னை ஏற்றிவந்ததால் வந்தது.

ஏட்டு அட்டையும் தாளுமாக லாரிக்கு அந்தப் பக்கம் வந்தார். வியர்வை வழிந்தது. எட்டாவதோடு நின்றவர் என்று ஊருக்கே தெரியும். வழக்கமாக ஸ்டேஷன் வாசலில் மனு எழுதுகிறவரிடம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்வாராம். இப்போது அந்த ஆளுக்கு எங்கே போவது? குரலை இறக்கினார்.

"பாப்பா, நீ பி.ஏ. படிக்கிறதா உங்கப்பன் சொல்லிக்கிட்டிருப்பான்."

"படிச்சு முடிச்சாச்சு."

"நல்லதாப் போச்சு. நாலு வரி எழுதிக் குடு. நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல போடு."

"எங்கப்பா மேல போடற கேஸை நான் எழுதணுமா?"

"யார் எழுதினா என்ன? கேஸு கேஸுதான். மூஞ்சியைத் தூக்காம எழுது. நானும் பாத்துச் சின்னதா போடச் சொல்றேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"எழுதிக் குடு பவுனு. ஏட்டய்யா பாத்துக்குவாரு" என்றார்.

எங்கள் பரம்பரையில் முதல் பட்டதாரி லாரியின் படியில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து, அப்பாவின் மேல் குற்றப்பத்திரிகை எழுதத் தொடங்கினாள். ஏட்டு தமிழில் சொல்லிக்கொண்டே போனார். கவனக்குறைவு, பொதுமக்களுக்கு அபாயம், அதிகாரியை மதியாமை. நான் தலையாட்டிக்கொண்டே, ஏட்டே சொல்வதுபோல வேறு எழுதினேன். மேற்படி லாரியை மேற்படி இடத்தில் ஒவ்வொரு நடையிலும் நிறுத்துவது நான்தான். ஒவ்வொரு நடையிலும் எட்டுச் சீப்புக்குக் குறையாத ஒரு பூவன் தாரை டிரைவர் வீரமலையிடமிருந்து வாங்கிச் சைக்கிள் கடைக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். இன்றைக்கு ரோட்டில் கிடப்பது அந்தத் தார்தான். நல்ல இங்கிலீஷ். ஒரு பிழை கிடையாது.

"என்ன, பக்கம் நிறைஞ்சிடுச்சு?" என்றார் ஏட்டு.

"இங்கிலீஷ்ல நீளமாத்தான் வரும்."

அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டார். பிச்சமுத்து என்று எழுத அரை நிமிஷம் பிடித்தது.

சப்-இன்ஸ்பெக்டர் தாளை வாங்கிப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். ஏட்டு விறைப்பாக நின்றார், பாராட்டு வரும் என்பதுபோல.

"இதை யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"எல்லாம் உண்மையா?"

"கீழ கிடக்குதே, சீப்பை எண்ணிப் பாருங்க."

உண்மையிலேயே தாரைப் பார்த்து உதடு அசைய எண்ணினார். பிறகு தாளை நான்காக மடித்து, கேஸ் கட்டில் வைக்காமல் தன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். லைசென்சை அப்பாவிடம் நீட்டினார்.

"கேஸ் வேண்டாம் பிச்சமுத்து. பொண்ணு படிச்ச பொண்ணா இருக்கு. போகச் சொல்லு."

அப்பா புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். லாரி நகர்ந்தபோது சப்-இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது.

"அந்தத் தாரை ஜீப்புல வை."

பாலத்தில் ஏறினோம். கீழே புதுத்தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. நான் என்ன எழுதினேன் என்பதை அப்பாவிடம் சொன்னேன். காத்தமுத்து தொடையில் தட்டிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பாலம் முடிந்ததும் கேட்டார்.

"வாங்கினவன் பேர் போட்டியா?"

"கையெழுத்தே வாங்கிட்டேனே."

"குடுத்தவன் பேரு?"

டிரைவர் வீரமலை என்று தெளிவாக எழுதியிருந்தேன். லாரி நம்பரும் போட்டிருந்தேன். லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று படிக்காத மனிதருக்கு உறைத்தது. மூன்று வருஷம் எகனாமிக்ஸ் படித்த எனக்கு உறைக்கவில்லை. கெட்டிக்காரத்தனமாம், கெட்டிக்காரத்தனம்.

அடுத்த நடைக்கு அப்பா வழக்கம்போலப் போய்வந்தார். ஏட்டு அதே இடத்தில் நின்றாராம். முகம் மட்டும் சுண்டியிருந்ததாம்.

"சருகு ரெண்டு இடத்துல தொங்குது வீரமலை" என்றாராம்.

ஒன்று அவருக்கு, ஒன்று ஜீப்புக்கு. எங்கள் லாரிக்கு மட்டுமல்ல. தொட்டியம், முசிறி லாரி எல்லாவற்றுக்கும் அன்றிலிருந்து அந்தக் கணக்குத்தான். முசிறி டீக்கடையில் டிரைவர்கள் அந்த இரண்டாவது தாருக்கு ஒரு பேரும் வைத்துவிட்டார்கள். பி.ஏ. தார். சர்டிபிகேட் என் கைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். ஒரு நாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு லோடு ஏற்றும் இடத்துக்குப் போனேன். பூவன் குவிந்து கிடந்தது. காத்தமுத்து கூப்பிட்டார்.

"வா பவுனு. பி.ஏ. தாரு எதை வைக்கலாம்? நீயே பாத்துச் சொல்லு."

அவர் கிண்டலாகக் கேட்டாரா என்று தெரியவில்லை. ஆறே சீப்புள்ள, பாதி காய் வெம்பிப்போன தார் ஒன்றைக் காலால் தள்ளிக் காட்டினேன்.

அப்பா அதை எடுத்து ஓரமாக வைத்தார். குவியலைச் சுற்றிவந்து, குனிந்து தட்டிப் பார்த்து, ஒன்பது சீப்புத் தார் ஒன்றைத் தூக்கினார்.

"லைசென்சு எங்கிட்ட இருக்கு பவுனு" என்றார் சருகைச் சுற்றிக்கொண்டே. "நீ எழுதின காயிதம் ஜீப்புக்காரங்கிட்டல்ல இருக்கு?"