வருங்காலச் சம்பந்தியோடு மலையேறுவது எப்படி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த யாத்திரைப் பாதையில் நான் ஓர் அடிகூட நடந்ததில்லை. கட்டிலிலிருந்து ஃப்ரிட்ஜ் வரைதான் என் யாத்திரை. எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் என்னை உள்ளே வைத்துக்கொண்டு நடுவழியில் நின்றபோது, நான் பயந்துவிடக் கூடாதென்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மெக்கானிக் சொன்ன கதை இது. முடிவுக்கு வருமுன் கதவு திறந்துகொண்டது. மனுஷன் இவ்வளவு கெட்டிக்காரராக இருந்தால் இலக்கியம் எப்படி உருப்படும்?

2

தொடக்கம்: கதிரவன் தன் பொற்கரங்களால் மலைப்பாதையை வருட,

வேண்டாம், எனக்கே குமட்டுகிறது.

மறுபடி: லிஃப்ட் மெக்கானிக்கும் டிரைவிங் ஸ்கூல்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிப் படித்தவர்கள். இருவரும் சேர்ந்து போன பல நாள் யாத்திரையில், அன்றைக்கு மலையேற்றம். (மருந்துக்கடை வைத்திருக்கும் இன்னொரு நண்பரும் கூட வந்தார். அவருக்கு வாய் ஓயாது, எனக்கு வசனம் எழுதி மாளாது. பஸ்ஸில் ஏற்றி உச்சிக்கு அனுப்பிவிட்டேன். புண்ணியம் குறைந்தால் அவர் பாடு.)

3

மெக்கானிக்கின் மகளுக்கும் ஸ்கூல்காரரின் மகனுக்கும் பிடித்துப்போய்விட்டது. இரண்டு வீட்டுப் பெண்களும் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள். உச்சியில் உள்ள சன்னிதியில் மெக்கானிக் தன் வாயால் ‘சரி’ என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பையன் தங்கமான பையன். ஏதாவது குறை கிடைக்காதா என்று இவரும் தேடிப் பார்த்துவிட்டார்.

கிளம்பும்போதே மனைவி எச்சரித்திருந்தாள். “இனிமே அவரை வாடா போடான்னு பேசினீங்க, தெரியும் சேதி. சம்பந்தி* ஆகப்போறவர்.” அந்த வீட்டிலும் இதே உத்தரவு.

ஆகவே காலையிலிருந்து இந்தக் கூத்து:

“சம்பந்தி, தண்ணி குடிக்கிறீங்களா?” என்பார் ஸ்கூல்காரர்.

“பரவாயில்லைங்க, நீங்க குடிங்க.”

“பாத்து வாங்க, கல்லு கெடக்கு.”

“சரிங்க.”

ஸ்கூல்காரர் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா? மூஞ்சியைப் பார்த்து மெக்கானிக்கால் கண்டுபிடிக்க முடியவில்லை. கிண்டலென்றால் கவலையில்லை. நிஜமென்றால், ஆள் கைவிட்டுப் போய்விட்டான்.

(இந்த இடத்தில் இயற்கை வர்ணனை வரவேண்டுமாம். ஒரு பறவை கத்தியது. போதும்.)

* சம்பந்தி: நேற்றுவரை தோளில் கை போட்டவர், இன்று நாற்காலி எடுத்துப் போட வேண்டியவர்.

4

“வீட்ல அப்பா, கம்பெனியில சார், உங்கள மாதிரி ஆளுங்களுக்கு மெக்கானிக்,” என்றார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. “என்னை டா போட்டுக் கூப்பிட மிச்சம் இருக்கிறது அவன் ஒருத்தன்தான் சார். அவனையும் சம்பந்தியாக்கிட்டா நான் யார்கிட்ட போறது? இதைச் சொல்லி ஒரு கல்யாணத்தை நிறுத்த முடியுமா, சொல்லுங்க!”

இருட்டில் நான் ‘ம்’ என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. லிஃப்ட் பயத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மெக்கானிக்கின் கால் பிசகியது. கணுக்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஸ்கூல்காரர் வளைவைத் தாண்டிப் போய்விட்டார். கூப்பிட்டாக வேண்டும். எப்படி? ‘டேய்’ என்றால் மனைவி கொன்றுவிடுவாள். ‘சம்பந்தி’ என்றால் சம்மதம் சொன்ன கணக்காகிவிடும். வலியைவிட இலக்கணம் பெரிய ரோதனையாக இருந்தது.

“ஐயோ, அம்மா!” என்று கத்தினார். அது எல்லோருக்கும் பொது.

6

முடிவு (அ): சன்னிதியிலிருந்து ஒளி ஒன்று இறங்கி வந்து... பத்திரிகை ஆசிரியர் உச்சி குளிர்ந்துபோவார்.

முடிவு (ஆ): இருவரும் கட்டிக்கொண்டு கண்ணீர்... என் மனைவிக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இரண்டையும் அடித்துவிட்டேன்.

ஸ்கூல்காரர் பையை வீசிவிட்டு, விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்தார். மண்ணிலேயே உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றி, அந்த அழுக்குக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மெக்கானிக் வலியை மறந்து அவர் வாயையே பார்த்தார்.

“ரொம்ப வலிக்குதா...

நான் கேட்டது இதுவரைதான். மிச்சத்தை நான் போடமாட்டேன். ‘ங்க’ போட்டால் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடக்கும். ‘டா’ போட்டாலும் நடக்கும். பெண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம், அவள் எப்படியும் நன்றாக இருப்பாள். இந்த மனுஷனை மட்டும் நினைத்துக்கொண்டு போடுங்கள். சீக்கிரம், கால் வீங்குகிறது.