காது ஜவ்வு

கடலுக்கு அடியில் போக வேண்டும் என்று முதலில் சொன்னது இளவரசிதான். ஆறு மாதத்தில் தெருவே அதை மோகன்குமாரின் ஆசை என்று பேச ஆரம்பித்துவிட்டது. அவனும் மறுக்கவில்லை.

கணவன் மனைவி இருவருக்கும் ஒரகடம் பக்கம் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் வேலை. உத்திரமேரூரில் கம்பெனி பஸ் ஏறி அரைத் தூக்கத்தில் போய் அரைத் தூக்கத்தில் திரும்புவார்கள். அந்த பஸ்ஸில்தான் அவள் போனில் அந்த வீடியோவைப் பார்த்தாள். முதுகில் சிலிண்டர் கட்டிய ஒரு பெண் பவளப் பாறைக்கு மேலே கை காலை ஆட்டாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். மீன்கள் அவளை ஒரு கல்லைப் போல நினைத்துச் சுற்றிக்கொண்டு போயின. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. இளவரசி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அவள் தென்னேரிக்காரி. ஏரியிலும் கிணற்றிலும் பையன்களோடு குதித்து வளர்ந்தவள். வயதுக்கு வந்ததும் கிணறு நின்றுபோனது. பிறகு பாத்ரூம், பக்கெட், மக். கல்யாணத்துக்குப் பிறகும் அதேதான்.

மோகன்குமாருக்குத் திட்டம் போடுவது பிடிக்கும். சென்னையிலிருந்து கப்பலில் போர்ட் பிளேர், அங்கிருந்து சின்னக் கப்பலில் ஹேவ்லாக் தீவு. அங்கே ஸ்கூபா பயிற்சி. பயிற்சி முடிந்ததும் தீவு தீவாகப் பவளப் பாறைகள். மொத்தம் மூன்று வாரம். அதற்காக இருவரும் வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. காய்ச்சலோடும் போனார்கள். அவன் சூப்பர்வைசரிடம் சொன்னான், கேன்டீனில் சொன்னான், முடிவெட்டும் கடையில் சொன்னான். மீன் பார்க்கக் கப்பலில் போவானேன், சந்தைக்குப் போனால் போதாதா என்று அவன் அம்மா சிட்டம்மாள் கேட்டாள். அதைக்கூட அவன் பெருமையாக எல்லோரிடமும் சொன்னான்.

ஹேவ்லாக்கில் பயிற்சி தருபவர் பெயர் அருள்தாஸ். அங்கேயே பிறந்த தமிழர். வீடியோ காலில் பேசினார். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், நிற்காமல் இருநூறு மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், காது மூக்கு நெஞ்சு எல்லாம் சரி என்று டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார். தெரியும் சார் என்றான் மோகன்குமார். அவனுக்கு நீச்சல் தெரியாது. பக்கெட்டில் முகத்தை விட்டுத் தம் கட்டிப் பழகிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். தம் கட்டிப் பழகுவதை மட்டும் அருள்தாஸிடம் சொன்னான்.

"தம் கட்டறத மொதல்ல மறந்துடுங்க. கீழ தம் கட்டிக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும். மூச்சு போயி வந்துக்கிட்டே இருக்கணும்."

அடுத்தது காது. கீழே இறங்க இறங்கத் தண்ணீர் காதை அழுத்தும். ஆகவே மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெல்ல ஊத வேண்டும். உள்ளே டப் என்று ஒரு சத்தம் கேட்டால் சரி. இருவரும் பஸ்ஸில் மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டு போனார்கள். பின் சீட்டுக்காரர்கள் ஜலதோஷமா என்று கிண்டல் செய்தார்கள். இளவரசிக்கு முதல் நாளே இரண்டு பக்கமும் டப் என்றது.

நீச்சலுக்குக் கிணறு வேண்டியிருந்தது. ஊர் ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. வேதகிரி, மோகன்குமாருக்குப் பெரியப்பா முறை. ஊருக்கு வெளியே அவர் கழனியில் படிக்கட்டு வைத்த பெரிய கிணறு. ஞாயிற்றுக்கிழமைகளில் இளவரசி சுடிதாரோடு இறங்கினாள். மோகன்குமார் முதுகில் காலித் தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டு இறங்கினான். அவள் அவன் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துக் காலை அடிக்கச் சொன்னாள். அவன் காலை அடிக்கவில்லை, தண்ணீரை உதைத்தான். கேனை அவிழ்த்தால் நேராக உள்ளே போனான். தலைமுடியைப் பிடித்துத் தூக்கிவிடுவாள்.

மூன்றாவது வாரம் வேதகிரி மோட்டார் போட வந்தவர், களத்துமேட்டில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்த பெண்களையும் கூட்டிக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா மோகனு, பொண்டாட்டி கையால தண்ணி குடிச்சிக்கினு கீற?"

பெண்கள் சிரித்தார்கள். இளவரசிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் உண்மையிலேயே தண்ணீரைக் குடித்து இருமிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வரும்வரை அவன் அவளுக்கு முன்னால் வேகமாக நடந்தான். மத்தியானம் சோறு போட்டாள். சகஜமாக்கலாம் என்று நினைத்து, அவன் கிணற்றில் கையை எப்படி வீசினான் என்று மாமியாருக்குச் செய்து காட்டினாள். இடது காதின் மேல் அறை விழுந்தது. விரித்த கை, முழு பலம். ரசக் கிண்ணம் உருண்டது. காதுக்குள் ஏதோ பிளந்தது போல ஒரு வலி, பிறகு ஒரு நீண்ட விசில்.

சாப்பிடும்போது ஆம்பளையைப் பார்த்துச் சிரிக்கலாமா என்றாள் சிட்டம்மாள். தரையைத் துடைக்கத் துணி கொண்டு வந்து போட்டாள். இளவரசி துடைத்தாள்.

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவன் அடித்தது அது முதல் தடவை அல்ல. காதில் விழுந்தது முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து அவன் ஒரு டைவிங் மாஸ்க் வாங்கி வந்தான். மூக்கையும் சேர்த்து மூடும் நல்ல மாஸ்க். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. போட்டுப் பாரு என்றான். அவள் போட்டுப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. அவனே போனில் படம் எடுத்துக் கம்பெனி குரூப்பில் போட்டான். முப்பது பேர் கட்டை விரலை உயர்த்தினார்கள். தண்ணீருக்கு அடியில் கட்டை விரலை உயர்த்தினால் மேலே போகலாம் என்று அர்த்தம். அருள்தாஸ் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மாஸ்க்கின் மூக்கைப் பிடித்து அவள் மெல்ல ஊதினாள். வலது காதில் டப். இடது காதில் டப் இல்லை. காற்று ஸ் என்று காது வழியாக வெளியே போனது. ட்யூப் பஞ்சரைப் பார்க்கத் தண்ணீரில் முக்கும்போது வருமே, அப்படி. மறுபடி ஊதினாள். மறுபடி போனது. அவள் மாஸ்க்கைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. சர்டிபிகேட் வாங்கப் போகும் நாள் வரைக்கும் தினமும் ஊதிப் பார்த்தாள். தினமும் காற்று போனது.

காஞ்சிபுரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் போனார்கள். அவர் குழலை விட்டு இடது காதைப் பார்த்தார். வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி பார்த்தார்.

"காது ஜவ்வு கிழிஞ்சிருக்கும்மா."

இந்த வாக்கியத்தை அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். ஒரு அறை வுட்டா காது ஜவ்வு கிழிஞ்சிடும் என்று அப்பா சொல்வார், கணக்கு வாத்தியார் சொல்வார், பஸ்ஸில் படியில் தொங்கும் பையன்களைப் பார்த்துக் கண்டக்டர் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அப்படி ஒரு ஜவ்வு நிஜமாகவே உடம்பில் இருக்கிறது, அது நிஜமாகவே கிழியும் என்று அவள் நினைத்ததில்லை.

யாராவது அடித்தார்களா என்று டாக்டர் கேட்டார். மோகன்குமார் முந்திக்கொண்டான். கிணற்றில் காது அடிபடக் குதித்துவிட்டாள் சார், சொன்னால் கேட்பதில்லை என்றான். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் மேஜையின் மேலிருந்த பிளாஸ்டிக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டை சின்னதுதான், இரண்டு மூன்று மாதத்தில் தானாக மூடலாம், மூடாவிட்டால் ஆபரேஷன், அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது, தலைக்குக் குளிக்கும்போதுகூடப் பஞ்சு வைக்க வேண்டும் என்றார். டைவிங் கேட்கவே வேண்டாம்.

பிறகு மோகன்குமாரைச் சோதித்தார். காது சுத்தம். மூக்கு சுத்தம். நெஞ்சு சுத்தம். உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றார். அவன் முகத்தில் சந்தோஷம் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தான். டாக்டர்கள் இப்படித்தான் பயமுறுத்துவார்கள், சின்ன ஓட்டைக்குப் பஞ்சில் எண்ணெய் தொட்டு வைத்தால் தண்ணீர் எப்படிப் போகும், கப்பல் டிக்கெட் போட்டாகிவிட்டது, லீவு சாங்ஷன் ஆகிவிட்டது, இனி ஒத்திப் போட்டால் கம்பெனியில் எப்படி முகத்தைக் காட்டுவது. அவள் அவனுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். இடது காதில் அவன் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது.

அந்த வாரமே வேறு எங்கேயோ போய் இரண்டு பேருக்கும் சர்டிபிகேட் வாங்கி வந்தான். அந்த டாக்டர் அவளைப் பார்க்கவேயில்லை. காகிதத்தில் அவள் காது நன்றாக இருந்தது.

அவள் இரண்டு நாள் யோசித்தாள். போகவே ஆசைப்பட்டாள். அதுதான் அவளுக்கே அசிங்கமாக இருந்தது. பஞ்சு நிற்குமா, காதை மூடும் தொப்பி கிடைக்குமா என்றெல்லாம் போனில் தேடினாள். மூன்றாம் நாள் மத்தியானம், கேன்டீனுக்குப் பின்னால் ரப்பர் கழிவு கொட்டும் இடத்தில் நின்று அருள்தாஸுக்குப் போன் செய்தாள்.

காதில் ஓட்டையோடு இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டாள். குளிர்ந்த தண்ணீர் நடுக்காதுக்குப் போகும், தலை சுற்றும், எது மேல் எது கீழ் என்று தெரியாது, கீழ்ப்பக்கமே மேல் என்று நினைத்து நீந்தியவர்கள் உண்டு என்றார் அருள்தாஸ். பிறகு, ஓட்டை எப்படி ஆனது என்றார்.

"எங்க வூட்டுக்காரரு அடிச்சாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அதை வாய்விட்டுச் சொன்னது இதுவே முதல் தடவை என்று அவளுக்கு உறைத்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், நேரில் பார்த்துப் பழகாத ஒருவரிடம்.

அருள்தாஸ் உச்சுக் கொட்டவில்லை. உங்களை இறக்க மாட்டேன் என்றார். காது ஆறியதும் டாக்டரிடம் காட்டிவிட்டு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். "ஆறுற வரைக்கும் மறுபடி அங்க அடி படாம பாத்துக்கங்க" என்றார். எல்லா நோயாளிக்கும் சொல்வது போலத்தான் சொன்னார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவள் கேட்கவில்லை. சாருக்கு நீச்சல் வருகிறதா என்று அவர் கேட்டதற்கு, வராது என்றாள்.

அன்று சாயந்திரமே மோகன்குமாருக்கு அருள்தாஸிடமிருந்து மெசேஜ் வந்தது. மனைவிக்குப் பயிற்சி கிடையாது, உங்களுக்கு நீந்திக் காட்டினால் மட்டும். அவன் படித்துவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தான்.

"இன்னா சொன்ன அந்தாளு கிட்ட?"

"நடந்தத சொன்னேன்."

அவன் கை பாதி எழுந்து நின்றது. அவள் நகரவில்லை. அவன் கையை இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனான்.

மறுநாளிலிருந்து அவன் தனியாகப் போவதாகச் சொல்ல ஆரம்பித்தான். அவளுக்குத் தண்ணியைக் கண்டால் பயம், கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டாள் என்று பஸ்ஸில் சொன்னான். பொம்பளைங்கள கூட்டிக்கினு போனா இப்படித்தான் என்று ஒருவன் பின் சீட்டிலிருந்து ஆறுதல் சொன்னான். இளவரசி தன் லீவை ரத்து செய்ய எழுதிக் கொடுத்தாள். சூப்பர்வைசர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

கப்பலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, கழனிக்கு வா என்றான். அவளிடம் அப்படிக் கெஞ்சும் குரலில் அவன் பேசியதில்லை. போனாள். வெயிலில் கழனியில் யாரும் இல்லை. மோட்டார் ஓடவில்லை. மழைக்குப் பிறகு கிணறு பாதிக்கு மேல் நிறைந்து, பச்சையாக அசையாமல் கிடந்தது.

அவன் சட்டையைக் கழற்றினான். கேனைக் கொண்டு வரவில்லை. கேன் இல்லாமல்தான் நீந்திக் காட்ட வேண்டும் என்றான். படியில் இறங்கினான். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தான். அவள் மேலேயே, சுவருக்குப் பக்கத்தில் நின்றாள். காதில் பஞ்சு இருந்தது.

"எறங்கு வா."

"டாக்டரு தண்ணியே படக்கூடாதுன்னாரு."

"அப்ப அங்கேந்து சொல்லு. நான் பண்றன்."

"சொல்றன். நீ முங்கினா நான் எறங்க மாட்டேன். இங்கயே நின்னு பாத்துக்கினுதான் இருப்பேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதையும் டாக்டர் சொன்னதைச் சொல்வது போலவே சொன்னாள். அவன் சிரிக்கப் பார்த்தான்.

"கயிறாவது போடுவ இல்ல?"

"கயிறு மோட்டார் ரூம்ல கீது. சாவி பெரிய மாமா கிட்ட."

அவன் தண்ணீரைப் பார்த்தான். அடுத்த படி தெரிந்தது. அதற்கடுத்த படி தெரியவில்லை. ஒரு காலை அடுத்த படிக்கு இறக்கினான். தண்ணீர் தொடைக்கு வந்தது. சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் அங்கிருந்து போகவில்லை. கிணற்றுக்குக் காவல் நிற்பவளைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெகு நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு அவன் காலை மேல் படிக்கு எடுத்து வைத்தான்.