வேட்டுப் போடாத ஊர்

வீரணன் மார்கழி மாதத்தில் செத்துப்போனார். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் அடைகாத்துக்கொண்டிருந்த நேரம் அது. சத்தத்துக்கு மிரண்டால் பறவைகள் முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் நரிக்குடிப் பக்கத்து அந்தச் சிற்றூரில் கல்யாணம், சாவு எதற்கும் வேட்டுப் போடுவதில்லை. தீபாவளிக்கும் மத்தாப்போடு சரி. கல்லெறியும் பிள்ளைகளை வீரணன்தான் இருபது வருஷமாகக் கரையிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய ஒரே மகள் அருஞ்சுனையைப் பரளச்சியில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் மாமனார் உக்கிரபாண்டி லாரி நிறைய சனத்தோடும் இரண்டு சாக்கு வேட்டோடும் வந்து இறங்கினார். சம்பந்தி வீட்டு மரியாதை.

அருஞ்சுனை புருஷனைத் தனியே கூப்பிட்டாள். "ஏங்க, இந்த ஊர்ல வேட்டுப் போடக் கூடாது. மாமாட்ட சொல்லுங்க."

"இம்புட்டுச் சனத்துக்கு முன்னால, கொக்குக்காக வேணாம்னு நான் சொல்லவா? எங்கப்பா தோலை உரிச்சிருவாரு. நீயே சொல்லு" என்றான் மாரிச்செல்வம்.

அவள் பந்தல்கால் வரை போனாள். உக்கிரபாண்டியே முந்திக்கொண்டார்.

"அழுவாத தாயி. எங்க சம்பந்தி என்ன நாதியத்தவுகளா? சத்தம் வீரசோழன் ஊரு வரைக்கும் கேக்கும் பாரு."

"சரி மாமா" என்று வாயில் வந்துவிட்டது.

ஊர்ப் பெரியவர் ராமசுப்பு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளே தடுக்காதபோது செத்தவருக்கு வந்த மரியாதையை ஊர் எப்படித் தடுக்கும்? அவர் தலை குனிந்துகொண்டார்.

தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட்டார்கள். பாடை கண்மாய்க்கரையில் ஏறியதும் முதல் வேட்டு வெடித்தது. மரங்கள் அத்தனையிலிருந்தும் வெள்ளையாக ஒரு கூட்டம் கிளம்பி வானத்தை மூடியது. அருஞ்சுனை கரையை நோக்கி ஓடினாள். நான்கு பேர் அவளை அமுக்கிப் பிடித்தார்கள்.

"பொம்பள சுடுகாட்டுக்குப் போகக் கூடாதும்மா!"

"அங்க இல்லக்கா, கண்மாய்க்கு..." கொட்டுச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அப்பனுக்காகக் கதறுகிறாள் என்று அவர்களும் சேர்ந்து அழுதார்கள். இரண்டு சாக்கும் தீரும்வரை வேட்டு ஓயவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவள் கரைக்குப் போனாள். பத்துப் பதினைந்து நாரைகள்தான் திரும்பியிருந்தன. மற்ற கூடுகளில் காகங்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. தண்ணீரோரம் முட்டை ஓடுகள் மிதந்தன.

பின்னால் ராமசுப்பு வந்து நின்றார். "எப்பத்தா ஊருக்குக் கெளம்புற?"

"நாளைக்கு, பெரியப்பா."

அவர் போகாமல் நின்றார். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்போல.

"காக்கா ரொம்ப வந்துருச்சு" என்றார்.

"ஆமா பெரியப்பா."