பெயரில்லாதவளுக்கு ஓர் இழை

பாவமன்னிப்பு நோன்பு வருமுன் எங்கள் ஊர் யூதப் பெண்கள் கல்லறைகளைச் சுற்றி நூல் பிடித்து வருவோம். அந்த நூலைத் திரியாக்கி, ஜெப ஆலயத்துக்கு மெழுகுவத்தி செய்வோம். இறந்தவர் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஓர் இழை வைக்க வேண்டும். கெனெண்டல் அக்கா பிரார்த்தனைப் புத்தகத்தை எங்கள் பேச்சுமொழியான யித்திஷில் வரிவரியாக வாசிப்பாள். படிக்கத் தெரியாதவர்கள் அவள் வாயைப் பார்த்துத் திருப்பிச் சொல்வார்கள்.

அந்தப் புத்தகத்துக்கு அச்சுக் கோத்தவள் நான்தான். என் கணவரின் அச்சகத்தில் எபிரேயத்துக்குச் சதுர எழுத்து, பெண்களுக்காக எங்கள் பேச்சில் பெயர்த்ததற்கு வளைந்த எழுத்து. 'பொம்பளை எழுத்து' என்று ஆண்கள் இளிப்பார்கள். இளித்துவிட்டுப் போகட்டும். என் வயிற்றெரிச்சல் வேறு. அந்தப் புத்தகத்தில் ஆதித்தாய் சாராளுக்கு வரி உண்டு, ராகேலுக்கு உண்டு. பெயர் வைக்குமுன்பே போய்விட்ட என் மகளுக்கு இல்லை. பெயரில்லாவிட்டால் இழையும் இல்லை.

அந்த வருஷம் மெழுகுவத்தி செய்யும் நாளன்று காலையிலேயே கெனெண்டலிடம் கெஞ்சினேன்.

"ஒரே ஒரு வரி சேத்து வாசியேன்க்கா."

"ஏண்டி மிர்ல், புத்தகத்துல இருக்கறதத்தான் வாசிப்பேன். இஷ்டத்துக்குச் சொல்ல நான் என்ன ஜெப ஆலயத்து ரப்பியா?"

"அவருக்குத் தாடிதான் இருக்கு. உனக்கு வாய் இருக்கே!"

"வாங்கிக் கட்டிக்காம போடி."

மாலையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ராகேலின் வரி முடிந்தது. அடுத்தது லேயாள், எனக்கு மனப்பாடம். கெனெண்டல் நிறுத்தினாள். பிறகு புத்தகத்தின்மேல் விரலை ஓட்டியபடி, அதே ராகத்தில் வாசித்தாள்:

"உலகத்து ராஜாவே, பேர் வைக்கறதுக்குள்ள எங்க மடிய விட்டுப் போன பிள்ளைக்கு இந்த இழை. என்னன்னு கூப்பிடறதுன்னு எங்களுக்குத் தெரியல. நீ கூப்பிடு."

எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் லேயாளின் வரிதான் இருந்தது. எபிரேயம் சொல்லாமல் விட்டதையெல்லாம் இப்படித்தான் ஒவ்வொருத்தியாக எங்கள் பாஷையில் சேர்த்திருப்பார்களோ? நான் கோத்த எழுத்துகள் எத்தனை பேருடைய அழுகை என்று அன்றுதான் உறைத்தது.

பெண்கள் சந்தேகமே படாமல் திருப்பிச் சொன்னார்கள். என் மகளின் இழையை வைத்தேன்.

லேயாளுக்குப் போகலாம் என்று நிமிர்ந்தால், பக்கத்திலிருந்த பெஸல் இன்னொரு நூலை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளும் வாய் திறக்காதவள். அவளுக்கு அடுத்தவளும் எடுத்தாள். அதற்கு அடுத்தவளும். கடைசியில் கெனெண்டல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தானும் ஓர் இழையை வெட்டினாள்.

அந்த வருஷத்து மெழுகுவத்தி எந்த விளக்குத்தண்டிலும் நிற்கவில்லை. அவ்வளவு பருமன். மணல் நிரப்பிய வாளியில் நட்டுத்தான் ஏற்றினார்கள்.